மருதம்மாளின் இடது கை

திருப்பூரை அடுத்த வீரபாண்டியில் மருதம்மாளுக்கு வலது கை விழுந்தது 1964 ஐப்பசியில். காலையில் மாவாட்டிக்கொண்டிருந்தவள் குழவியைப் பிடித்த பிடியிலேயே சாய்ந்துவிட்டாள். அடுத்த வீட்டு முனவர் பேகம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள், ஆட்டுக்கல் சத்தம் பாதியில் நின்றதைக் கவனித்து எட்டிப் பார்த்தாள். இல்லாவிட்டால் மத்தியானம் வரை யாருக்கும் தெரிந்திருக்காது. மருதம்மாளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கணவர் லிங்கசாமி பனியன் கம்பெனியில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர். அவர் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. குழந்தைகள் இல்லை.

நான் அந்தப் பக்கத்துக்குப் பிரசவம் பார்க்கும் நர்ஸ். செவ்வாய்க்கிழமைதோறும் வீரபாண்டிக்கு வருவேன். பக்கவாதம் என் வேலையில் சேராது. ஆனால் கோயம்புத்தூரில் பயிற்சி எடுத்தபோது வாத நோயாளிகள் வார்டில் எட்டு மாதம் இருந்தேன். படுத்தவர்களை உட்கார வைப்பதும், உட்கார்ந்தவர்களை நிற்க வைப்பதும் எனக்குத் தெரியும். அதனால் போய்ப் பார்த்தேன்.

விழுவதற்கு முன்பே மருதம்மாளை ஊருக்கெல்லாம் தெரியும். எதையும் வெளியில் வாங்க மாட்டாள். மாவு அவள் ஆட்டியது. மிளகாய் அவள் இடித்தது. தலைக்கு அரப்பு அவள் உருவிக் காயவைத்தது. விளக்கெண்ணெய் கொல்லை ஆமணக்கில் அவள் காய்ச்சியது. மாவு மில் வந்து பத்து வருஷம் ஆகியும் அதன் வாசலை மிதித்ததில்லை. "மெசின்ல அரைச்ச மாவு சூட்டுலயே பாதி வெந்து வாறதுங்க, அதைத் தின்னு என்னத்துக்கு?" என்பாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்கள் வெட்கப்பட வேண்டும் என்று ஊரில் சில ஆண்கள் பேசுவார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. உடம்பு ஒத்துழைக்கிற வரைக்கும் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான்.

ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தாள். கோணிய வாய் நேரானது. கால் திரும்பியது, இழுத்து இழுத்து நடந்தாள். வலது கை மட்டும் தோளிலிருந்து தொங்கியது. அது இனி வராது என்பது எனக்கு இரண்டாவது வாரத்திலேயே தெரிந்தது. அவளிடம் சொல்லியும் விட்டேன். வரும் வரும் என்று சொல்லி ஒருத்தியை ஒரு வருஷம் காத்திருக்க வைப்பது என் வழக்கமில்லை.

கணியூரிலிருந்து அவள் அண்ணன் சென்னியப்பன் வந்தார். பத்து ஏக்கர் தோட்டம், கிணறு, மோட்டார், நல்ல குடும்பம். கெட்ட மனிதராக இருந்திருந்தால் மருதம்மாளுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவரோ நல்லவர். அவருடைய கல்யாணத்தில் தங்கை இணைச்சீர் செய்தவள். அவர்கள் வழக்கத்தில் அந்தச் சீர் செய்தவளுக்கு ஒரு குறை வந்தால் அண்ணன்தான் முன்னால் நிற்க வேண்டும். அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"அம்மிணி, தை பொறந்து பத்து நாள் களிச்சு பிளஷர் காரு எடுத்துட்டு வாறேன். பொட்டியக் கட்டி வெச்சிரு" என்றார்.

"எதுக்குங்கண்ணா?"

"எதுக்கா? ஒத்தக் கைய வெச்சுட்டு இங்க என்ன பண்ணுவ? கூடப் பொறந்தவன் இருந்தும் அனாதியாட்டம் உட்டுட்டான்னு நாலு பேரு பேச மாட்டாங்களா?"

"சோறாக்கித் திங்கற வரைக்கும் நா அனாதி இல்லீங்க."

"செரி, ஆக்கிக் காட்டு. நா வர்ற அன்னைக்கு உன்ற கையால ஆக்கின சோத்த இந்த ஊட்டுல உக்காந்து சாப்புடறேன். முடியலீனா மறுபேச்சுப் பேசாம வண்டியில ஏறோணும். நர்ஸம்மா, நீங்கதானுங்க சாட்சி."

அவர் போன பிறகு நான் அவளுடைய தொங்கும் கையின் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னாள்: "அங்க எல்லாரும் தங்கமானவிய. காலையில ஒரு தட்டு வரும். மத்தியானம் ஒரு தட்டு வரும். தட்டு வாறதப் பாத்துட்டே ஒரு மூலையில உக்காந்திருக்கோணும். எத்தன வருசத்துக்குங்க?"

எத்தனை வருஷம் என்று எனக்கும் தெரியாது. இருதயம் நன்றாக இருந்தது. இருபது வருஷம்கூட ஆகலாம்.

அண்ணன் சொன்ன நாளுக்கு மூன்று மாதத்துக்குக் குறைவாக இருந்தது. முதல் பத்து நாளை நான்தான் வீணாக்கினேன். இடது கையைப் பழக்கினால் பழைய வேலை எல்லாவற்றையும் பழையபடியே செய்யலாம் என்று நினைத்தேன். அவளும் ஆட்டுக்கல்லிடம்தான் முதலில் போனாள். ஒரு கையால் குழவியைச் சுற்றினால் மாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். குழவியை விட்டுவிட்டு மாவைத் தள்ளி, மறுபடி குழவியைப் பிடித்து, ஒரு படி அரிசிக்கு அரை நாள் ஆனது. பாதி மாவு தரையில். அவள் அழவில்லை, கல்லை உதைத்தாள். உதைத்தது நல்ல கால் என்பதால் அடியும் பட்டது.

"மில்லுக்குக் கொடுத்தனுப்புங்க" என்றேன்.

"மெசின் மாவா? இத்தன நாளு இல்லாம இப்பவா?"

"சரிங்க. கல்லையும் வண்டியில ஏத்திக்கிட்டு அண்ணன் ஊட்டுக்குப் போங்க."

என்னை முறைத்தாள். முனவர் பேகம் வாசலில் நின்று, "நர்ஸம்மா சொல்றது நாயந்தானுங்க்கா. கல்லு கொத்த ஆளு வருவாருல்ல, அவரு வாரதுக்கு ஒரு மாசம் சுணங்குனா நீங்க மாவாட்டுவீங்களா?" என்று கேட்டாள். ஆட்டுக்கல் தேய்ந்து வழுவழுப்பானால் அதைக் கொத்திவிட வருஷத்துக்கு இரண்டு முறை ஒருவர் உளியோடு வருவார். மருதம்மாள் அவரை ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை. எல்லாம் தானே செய்துகொள்வதாகத்தான் நினைத்திருந்தாள். நாம் எல்லோரும் அப்படித்தான். பழகிப்போன உதவி கண்ணில் படுவதில்லை, புதிதாக வரும் உதவிதான் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்த ஒவ்வொரு சாமானையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டோம். இதற்கு ஒரு கை போதுமா, இரண்டு வேண்டுமா? பழசா புதுசா என்பது பேச்சே இல்லை. அரிவாள்மனை தேறியது. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டால் ஒரு கையாலேயே காய் நறுக்கலாம், கத்தியால் அது முடியாது. முறம் தேறவில்லை. விறகடுப்பு தேறவில்லை, விறகு பிளக்க ஆள் வேண்டும். திரி ஸ்டவ் தேறியது. தீப்பெட்டியின் கூட்டை நிலைச் சட்டத்தில் ஆணி அடித்துப் பொருத்தியதும் குச்சி உரசுவதும் தேறியது. கிணற்று வாளி தேறவே இல்லை. தண்ணீர் முனவர் சேந்தி ஊற்றுவாள் என்றும், அவள் தைத்த பனியன்களில் தொங்கும் நூல் பிசிறுகளை மருதம்மாள் வெட்டிக் கொடுப்பாள் என்றும் அவர்களே பேசிக்கொண்டார்கள். துணியை முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டு இடது கையால் கத்தரி பிடிக்க ஒரு வாரத்தில் பழகிவிட்டாள்.

உடுத்துவதுதான் அவளை அதிகம் வதைத்தது. முன்னால் முடிச்சுப் போடும் ரவிக்கை. முடிச்சுக்கு இரண்டு கை வேண்டும். தினமும் காலையில் முனவர் வந்து முடிந்துவிட்டுப் போவாள். அது மருதம்மாளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் முனவர் பனியன் துணியில் ஒரு ரவிக்கை தைத்துக் கொண்டுவந்தாள். முடிச்சு இல்லை, கொக்கி இல்லை. தலை வழியாகப் போட்டு இழுத்தால் உடம்போடு விரிந்து உட்கார்ந்துகொள்ளும்.

"இதென்ன, ஆம்பள பனியன எனக்கு மாட்டி உடற?"

"ஆம்பள பனியனுக்கு ரவிக்கைக் கை வெச்சா தைப்பாங்க? மேல சேலை மூடிக்குது. யாருக்கு என்ன தெரியப் போவுது? போட்டுப் பாருங்க்கா."

வலது கையை முதலில் நுழைத்து, அப்புறம் தலை, அப்புறம் இடது கை. நான் சொல்லிக் கொடுத்த வரிசை. முதல் நாள் கால் மணி நேரம் ஆனது. நாலாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு போனவள் உடுத்தி முடித்துத்தான் வெளியே வந்தாள். சேலைக் கொசுவத்தை மடிப்பு மடிப்பாகத் தைத்து இலாஸ்டிக் போட்ட பாவாடையில் செருகும்படி முனவர் செய்திருந்தாள். ஊரில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

கடைசியில் நின்றது சோறு. கொதிக்கிற பானையை ஒரு கையால் சாய்த்துக் கஞ்சி வடிக்க முடியாது. முயன்றால் காலில் ஊற்றிக்கொள்வாள் என்று நான் தடுத்துவிட்டேன். தண்ணீரை அளந்து வைத்துப் பொங்கிவிடச் சொன்னேன். "வடிக்காத சோறு சீக்காளிச் சோறுங்க. எங்கண்ணன் முன்னால அத வெச்சா, வா அம்மிணின்னு வண்டியத் தொறந்துருவாரு" என்றாள். அதுவும் உண்மைதான்.

வழி முனவருக்குத்தான் தோன்றியது. பனியன் துணி மெஷினிலிருந்து குழாயாகத்தான் இறங்கும். அவள் கணவர் சலாவுதீன் காதர்பேட்டையில் துண்டுத் துணி வியாபாரம். அவரிடமிருந்து ஒரு முழக் குழாய்த் துணி வாங்கி, ஒரு பக்கத்தைத் தைத்து மறு பக்கத்தில் நாடா கோத்தாள். அரிசியைப் பைக்குள் போட்டுப் பானையில் தொங்கவிட வேண்டும். வெந்ததும் மரப்பிடி போட்ட கொக்கியால் பையைத் தூக்கிப் பானைக்கு மேல் அடித்த ஆணியில் மாட்டினால் கஞ்சி தானே வடிந்துவிடும். கேட்டதும் எனக்குச் சரியாகப் பட்டது.

முதல் சோறு சைக்கிள் கடை மாதிரி நாறியது. வாயில் வைக்க முடியவில்லை. முனவர் முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். "எங்க ஊட்டுக்காரரு ராத்திரி வந்தா சட்டையில அடிக்கற வாடைங்க்கா இது!" மெஷின் எண்ணெய். சலவைக்குப் போகாத துணியில் அது ஊறியிருக்கும். திருப்பூரில் மூன்று பெண்கள் உட்கார்ந்து யோசித்தும் எங்கள் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. முனவர் தைப்பதெல்லாம் சலவை செய்து வந்த துணி. மருதம்மாளின் கணவரும் சலவைத் துணியைத்தான் வெட்டினார். நான் துணி மங்கலாக இருக்கிறதே என்று கொதிக்கிற தண்ணீரில் ஒரு முறை முக்கியெடுத்துவிட்டுச் சுத்தம் என்று நினைத்துவிட்டேன். அப்புறம் சலவைச் சோடா போட்டு மூன்று முறை கொதிக்கவைத்து, இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டோம். நான்காவது சோறு சோறாக வந்தது.

தை பதினோராம் தேதி சென்னியப்பன் வந்தார். என்னையும் சாட்சிக்கு வரச் சொல்லியிருந்தார். காரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர் தங்கையின் ரவிக்கையையோ சேலையையோ கவனிக்கவில்லை, அடுப்பைத்தான் பார்த்தார். அவள் பையைக் கொக்கியில் தூக்கி மாட்டிய நேரம்.

"அதென்ன அம்மிணி, பனியனுக்குள்ள?"

"சோறுங்கண்ணா."

"பனியனுக்குள்ள சோறா! இந்த ஊருக்காரிக்கு வேற எதுவும் கெடைக்கலியா?"

"வடிஞ்சுதா இல்லியான்னு பாருங்க. எதுக்குள்ள வடிஞ்சா என்னங்க?"

அவர் சிரித்துவிட்டார். அரசாணிக்காய்ப் பொரியல், தட்டைப்பயிற்றுக் குழம்பு, கொள்ளு ரசம், மோர். எல்லாம் அவள் ஒரு கையால் செய்தது. நான் தொடவில்லை, முனவரும் தொடவில்லை. சென்னியப்பன் கை கால் கழுவி வந்து உட்கார்ந்தார். அவள் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். சோற்றுப் பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தாள். கரண்டியை எடுத்தாள்.

எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கரண்டி இடது கையில் இருந்தது. வேறு எந்தக் கையில் இருக்கும்? அந்தக் கைதான் இப்போது வெளிக்குப் போய்வந்து கால் கழுவவும் வேண்டும், காய் நறுக்கவும் வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவினால் எந்தக் கையும் கைதான் என்று நான் சொல்லி, சமைப்பதற்கு அவளைச் சம்மதிக்க வைத்திருந்தேன். ஆனால் மூன்று மாதமும் அவள் யாருக்கும் பரிமாறவில்லை. தனக்கு மட்டுமே போட்டுக்கொண்டாள். இடது கையால் சோறு போடுவது அவர்கள் வீட்டில் கருமாதியில்கூட நடக்காது. வீட்டுக்கு வந்தவரை வைவதற்குச் சமம் அது. அதிலும் கூடப்பிறந்த அண்ணனுக்கு. எல்லாவற்றையும் பழக்கிய நான் இதை யோசிக்கவே இல்லை. தப்பு என்னுடையது.

எழுந்து கரண்டியை வாங்கப் போனேன்.

"நர்ஸம்மா, உக்காருங்க" என்றாள். "நாளைக்கு நீங்களா வந்து போடுவீங்க?"

உட்கார்ந்தேன்.

சென்னியப்பனுக்கும் புரிந்துவிட்டது. குரலை இறக்கிப் பேசினார். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அம்மிணி, நீ ஆக்கிட்ட. அதுல நா ஒரு குறையும் சொல்லல. ஆனா போடறதுக்கு ஒரு ஆளு வேணுமல்ல? ஊட்டுக்கு ஒறம்பற, விருந்தாளின்னு ஒருத்தரு வந்தா என்ன பண்ணுவ? போதும் அம்மிணி. வா, போலாம்." எழுந்திருக்க முழங்காலில் கையை ஊன்றினார்.

மருதம்மாள் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தாள். பாத்திரத்தை அவருடைய இலைக்கு வலது பக்கம் நகர்த்தினாள். குழம்பைக் கொண்டுவந்து வைத்தாள். பொரியல், ரசம், மோர் ஒவ்வொன்றாக வந்தன. காலை இழுத்து இழுத்து நாலு நடை.

"போட்டுச் சாப்புடுங்கண்ணா" என்றாள்.

"ஆரு, நானா?"

"ஏனுங், உங்குளுக்கு ரெண்டு கையும் நல்லாத்தானுங்களே இருக்குது?"

வாசலில் முனவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சென்னியப்பன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அம்மா போட்டு, அப்புறம் மனைவி அமராவதி போட்டுச் சாப்பிட்டவர். இலையின் முன்னால் உட்கார்ந்த பிறகு சாப்பிடாமல் எழுந்தால் அது தங்கையைச் சபிப்பது போல ஆகிவிடும். அதையும் அவர் செய்யக்கூடியவர் இல்லை.

"அம்பத்தஞ்சு வயசுல இதொண்ணுதான் பாக்கியா இருந்துச்சு" என்று முனகிக்கொண்டு கரண்டியைப் பிடித்தார்.

முதல் கரண்டியிலேயே இலை நிறையச் சோறு விழுந்தது. குழம்பு இலையைத் தாண்டித் தரையில் ஓடியது. பொரியலை எங்கே வைப்பது என்று தெரியாமல் சோற்றின் தலையில் வைத்தார். பிசைந்து ஒரு வாய் போட்டார். பசி. விடியற்காலையில் கிளம்பியவர். இரண்டாவது வாய்க்கு அப்புறம் முகம் மாறியது.

"பயிறு நல்லா வெந்திருக்குது" என்றார்.

"அண்ணனுக்குக் கொளைய வெந்தாத்தான ஆவும்."

குழம்புச் சோறு முடிந்தது. ரசத்துக்குச் சோறு வேண்டும். வலது கை எச்சில். அவர் யோசிக்கவில்லை, இடது கையை நீட்டிக் கரண்டியை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டார். அதே கையால் ரசக் கரண்டியை எடுத்து ஊற்றினார். தானே போட்டுச் சாப்பிடுகிறவன் வேறு எந்தக் கையால் போடுவான்? ஒரு கரண்டி ஊற்றி, இரண்டாவதற்குக் கரண்டியை ரசத்தில் விட்டபோதுதான் தன் கையைப் பார்த்தார்.

முனவர்கூடச் சிரிக்கவில்லை. மருதம்மாள் சுவரில் சாய்ந்து நின்று வேறு எங்கோ பார்த்தாள்.

அவர் கரண்டியை ரசப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் சோற்றை விரலால் ஒதுக்கினார்.

"அம்மிணி."

"ஏனுங்கண்ணா?"

"ரசம் இன்னொரு கரண்டி ஊத்து."

அவள் நகரவில்லை. "ஏனுங், எட்டலியா?"

"எட்டுது. நீ ஊத்து."

வந்து உட்கார்ந்து இடது கையால் ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். மோருக்குச் சொல்லவே இல்லை, அவளாகவே ஊற்றினாள்.

கை கழுவி வந்தவர் என்னிடம், "ஒறம்பறைக்கு என்ன பண்ணுவீங்க நர்ஸம்மா?" என்று கேட்டார். பாதி மனசு இன்னும் அவளைக் கணியூருக்குக் கூட்டிப்போவதில்தான் இருந்தது.

"வர்றவங்க போட்டுச் சாப்பிடட்டும்" என்றேன். "இல்லாட்டி உங்களை மாதிரி கேட்டு வாங்கிக்கட்டும்."

மருதம்மாள் அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அந்த வீட்டில் இருந்தாள். மண்ணெண்ணெய் கிடைக்காத மாதங்களில் திட்டினாள், மின்சாரம் இல்லாமல் மாவு மில் நின்ற நாட்களில் இன்னும் அதிகமாகத் திட்டினாள். ஆனால் யாரோடும் போகவில்லை.

அன்று காரில் ஏறப்போன சென்னியப்பன் திரும்பி வந்து பின் சீட்டிலிருந்து ஒரு இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்து நீட்டினார். கணியூர் போகும் வழியில் மருதம்மாள் சாய்ந்துகொள்ள அமராவதி கொடுத்தனுப்பியது.

"எனக்கெதுக்குங்க அது? எடுத்துட்டுப் போயிருங்க" என்றாள் மருதம்மாள்.

நான் வாங்கி உள்ளே வைத்தேன். தூங்கும்போது தொங்குகிற கைக்கு முட்டுக் கொடுக்காவிட்டால் தோள்மூட்டு இறங்கிவிடும். அதற்கு நல்ல தலையணை ஒன்று தேவைப்பட்டது.